இத்தாலி வரலாறு, ஐரோப்பிய ஓவியம்: எந்தப் புத்தகத்தில் தொடங்குவது?

நீங்கள் கேட்டவை மூன்று. இத்தாலியின் வரலாற்றையும் ஐரோப்பிய ஓவியத்தையும் ஒழுங்காகப் படிக்க ஆசை, ஆங்கிலத்தில் வாசிக்க முடியும், எந்தப் புத்தகத்தில் தொடங்குவது என்பது முதலாவது. வரலாற்றை முடித்துவிட்டு ஓவியத்துக்கு வருவதா, ஓவியத்தை முதலில் பார்ப்பதா என்பது இரண்டாவது. இத்தாலிய மொழி தெரியாமல் இதெல்லாம் சரிப்படுமா என்பது மூன்றாவது.

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்ற இரண்டும் அதைப் பொறுத்தவை. வரலாறு, ஓவியம் என்று இரண்டு அடுக்காகப் பிரித்து வாங்கி வைக்காதீர்கள். ஓர் ஓவியத்தைப் பார்த்ததும் இதற்கு யார் காசு கொடுத்தார், எதற்காகக் கொடுத்தார், அந்தக் காசு அவருக்கு எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். அந்த மூன்று கேள்விக்கும் பதில் தேடிப் போனால் இத்தாலி வரலாறு தானாக வந்துவிடும். நான் பல வருடம் இரண்டையும் தனித்தனியாகப் படித்தேன். இரண்டு புத்தகங்கள் எனக்குள் ஒட்டிக்கொண்ட பிறகுதான் எல்லாம் உயிர் பெற்றது. அந்த இரண்டையும்தான் உங்களுக்கு முதலில் சொல்லப்போகிறேன்.

முதல் புத்தகம், ஐரிஸ் ஒரிகோ எழுதிய 'தி மெர்ச்சன்ட் ஆஃப் ப்ராட்டோ'. 1957இல் வந்தது. ஃபுளோரன்ஸுக்குப் பக்கத்தில் இருக்கும் ப்ராட்டோ என்ற துணி வியாபார ஊரில் பிறந்த பிரான்செஸ்கோ தத்தீனி என்ற வணிகரின் கதை. 1348இல் வந்த கொள்ளைநோயில் அப்பா அம்மா இருவரையும் இழந்த பையன். பதினைந்து வயதளவில், அப்போது போப்பாண்டவர் இருந்த, இன்றைய தெற்கு பிரான்சின் அவிஞ்ஞோன் நகரத்துக்குப் போகிறான். ஆயுதம், கவசம், துணி, உப்பு, கிடைத்ததை எல்லாம் விற்றுப் பெரும் பணக்காரனாகி ஊர் திரும்புகிறான். அந்தக் காலத்தில் இப்படி எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். இவரை நமக்குத் தெரிவதற்குக் காரணம், இவர் எந்தக் காகிதத்தையும் தூக்கிப் போடவில்லை. அவர் வீட்டில் மறந்து கிடந்த காகிதக் குவியல் 1870இல் வெளியே வந்தது. ஏறக்குறைய ஒன்றரை லட்சம் கடிதங்கள், 500க்கு மேல் கணக்குப் பேரேடுகள். பேரேடுகளின் முதல் பக்கத்தில் 'கடவுளின் பெயராலும் லாபத்தின் பெயராலும்' என்று எழுதியிருக்கும்.

ஒரிகோவின் திறமை, அந்தக் குவியலிலிருந்து ஒரு குடும்பத்தை எழுப்பிக் காட்டியது. தத்தீனி வேலையாக வெளியூரில் இருப்பார், மனைவி மார்கரீத்தா ப்ராட்டோவில் வீட்டைப் பார்ப்பார். நடுவில் கடிதங்கள் ஓயாமல் போய் வரும். கோவேறு கழுதையின் காலை வெந்நீரில் கழுவச் சொல்லு என்றெல்லாம் கணவர் எழுதுகிறார். வேறு ஆளை வைத்துக் கடிதம் எழுதிக்கொண்டிருந்த மார்கரீத்தா, முப்பது வயதுக்கு மேல் தானே எழுதப் படிக்கக் கற்றுக்கொள்கிறார். கணவருக்கு அவர் எழுதும் பதில்களில் கோபமும் கெட்டிக்காரத்தனமும் அப்படியே தெரியும். 14ஆம் நூற்றாண்டு இத்தாலியை இதைவிடக் கிட்டத்தில் காட்டும் வேறு புத்தகம் எனக்குத் தெரியாது.

தத்தீனிக்கு மனைவி வழியில் பிள்ளை இல்லை. லாப்போ மட்சேயி என்ற நண்பர், பத்திரம் எழுதுகிறவர், போகிற இடத்துக்குப் புண்ணியத்தைச் சேர்த்துக்கொள் என்று வருடக்கணக்கில் அவருக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். 1410இல் தத்தீனி இறந்தபோது சொத்தில் பெரும்பகுதி ப்ராட்டோ ஏழைகளுக்குப் போனது. கூடவே ஃபுளோரன்ஸில் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கு ஓர் இல்லம் அமைக்க 1,000 ஃபுளோரின், அதாவது ஃபுளோரன்ஸின் தங்க நாணயம், எழுதி வைத்தார். கொள்ளைநோயில் அநாதையான பையன் கிழவனாகிச் செய்த கடைசிக் காரியம் அது.

அந்தக் காசு விதையாக அமைய, பட்டு வணிகர் சங்கம் பொறுப்பை எடுத்துக்கொண்டது. 1419இல் ப்ரூனெல்லெஸ்கியிடம் கட்டடத்தை ஒப்படைத்தார்கள். ஃபுளோரன்ஸ் தேவாலயத்தின் பெரிய குவிமாடத்தைக் கட்டியவர் அவர்தான். ஒல்லியான தூண்களும் அரைவட்ட வளைவுகளும் வரிசையாகப் போகும் அந்த முன்தாழ்வாரத்தைத்தான் மறுமலர்ச்சிக் கட்டடக் கலையின் தொடக்கம் என்று எல்லாப் பாடப்புத்தகங்களும் காட்டும். 1445 பிப்ரவரியில் முதல் குழந்தை வந்து சேர்ந்தது. பெண் குழந்தை, அகாத்தா என்று பெயர் வைத்தார்கள். இடத்தின் பெயர் ஒஸ்பெதாலே தெல்லி இன்னொசெந்தி, மாசற்ற குழந்தைகளின் இல்லம்.

இரண்டாவது புத்தகம் இதே வாசலில்தான் வந்து நிற்கிறது. மைக்கேல் பக்ஸண்டால் எழுதிய 'பெயின்டிங் அண்ட் எக்ஸ்பீரியன்ஸ் இன் ஃபிஃப்டீன்த் செஞ்சுரி இட்டலி', 1972. சின்னப் புத்தகம். 15ஆம் நூற்றாண்டு ஓவியம் என்பது ஒரு சமூக உறவு படிந்து நின்ற வண்டல் என்ற கருத்தோடு தொடங்குகிறது. உடனே ஓர் ஒப்பந்தத்தை எடுத்து நம் முன்னால் விரிக்கிறார். 1485 அக்டோபர் 23. அந்தக் குழந்தைகள் இல்லத்தின் தலைவருக்கும் தொமேனிகோ கிர்லாந்தாயோ என்ற ஓவியருக்கும் இடையே எழுதப்பட்டது. பீடத்துக்கு ஒரு பெரிய பலகை ஓவியம், மூன்று ஞானியர் குழந்தை இயேசுவை வணங்கும் காட்சி.

ஒப்பந்தத்தைப் படிக்கும்போது ஒரு கொத்தனாரிடம் வீடு கட்டப் பேசுவது போலவே இருக்கும். காகிதத்தில் வரைந்து காட்டிய மாதிரிப்படியே செய்ய வேண்டும். ஓவியரே தன் கையால் வண்ணம் தீட்ட வேண்டும். 30 மாதத்தில் முடிக்க வேண்டும். மொத்தம் 115 ஃபுளோரின், மாதம் மூன்று ஃபுளோரினாகக் கொடுக்கப்படும். தாமதமானால் 15 ஃபுளோரின் அபராதம். நீல நிறம் மட்டும் தனியாகக் குறிப்பிடப்படுகிறது: அவுன்ஸ் சுமார் நான்கு ஃபுளோரின் விலையுள்ள அல்ட்ராமரைன்தான் போட வேண்டும். ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷான் மலைச் சுரங்கத்திலிருந்து வரும் லாபிஸ் லாசுலி கல்லை அரைத்துச் செய்த நீலம் அது. மலிவான நீலமும் கடைகளில் கிடைத்தது, அதைப் போட்டு ஏமாற்றக் கூடாது என்பதற்காகத்தான் விலையையே எழுதி வைக்கிறார்கள்.

அந்த ஓவியம் 1488இல் முடிந்தது. இன்றும் அதே கட்டடத்தில், அங்குள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இணையத்தில் பெரிய அளவில் கிடைக்கும் படத்தை எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். முன்னால் வலமும் இடமுமாக இரண்டு பிஞ்சுக் குழந்தைகள் மண்டியிட்டிருக்கும். உடம்பில் காயம் இருக்கும். இயேசு பிறந்தபோது ஏரோது மன்னன் கொல்லச் சொன்ன பெத்லகேம் குழந்தைகள் அவர்கள். பின்னால் தூரத்தில் அந்தப் படுகொலையே சிறு உருவங்களாக நடந்துகொண்டிருக்கும். இந்த இல்லத்தின் பெயருக்கே காரணமான குழந்தைகளை, இல்லத்துக் குழந்தைகள் தினம் பார்க்கும் பீடத்தில் வைத்திருக்கிறார் கிர்லாந்தாயோ. இது தெரிந்த பிறகு அந்தப் படத்தை வெறும் அழகாகப் பார்க்க என்னால் முடிவதில்லை.

பக்ஸண்டாலின் பெரிய பங்களிப்பு இதற்கு அப்புறம் வருகிறது. அந்தக் காலத்து ஆள் ஓவியத்தை எந்தக் கண்ணால் பார்த்தார் என்று தேடுகிறார். அன்று பீப்பாய்க்கும் மூட்டைக்கும் ஒரே அளவு கிடையாது. வியாபாரி பார்த்த மாத்திரத்தில் கொள்ளளவைக் கணக்குப் போட வேண்டும். அதற்கென்று பள்ளியில் பாடம் இருந்தது. பியெரோ தெல்லா பிரான்செஸ்கா என்ற மாபெரும் ஓவியரே வணிகர் கணக்குக்கு ஒரு நூல் எழுதியிருக்கிறார், பீப்பாய் அளக்கும் முறை உட்பட. அவர் வரைந்த கூடாரத்தைப் பார்க்கும் வணிகர், கீழே உருளை, மேலே கூம்பு என்று பழக்கத்திலேயே பிரித்துப் பார்த்திருப்பார். சந்தையில் பழகிய கண் கோயிலிலும் வேலை செய்கிறது. எனக்கு இந்தப் பகுதி இன்றும் சலிக்கவில்லை.

இந்த இரண்டையும் படித்த பிறகு வசாரிக்கு வாருங்கள். ஜார்ஜோ வசாரி தானே ஓவியர், கட்டடக் கலைஞர், இன்று ஃபுளோரன்ஸின் பெரிய ஓவியக்கூடமாக இருக்கும் உஃபீட்ஸி கட்டடத்தை வடிவமைத்தவர். ஓவியர்கள், சிற்பிகள், கட்டடக் கலைஞர்கள் வாழ்க்கை வரலாறு என்ற அவருடைய பெரிய தொகுப்பு 1550இலும், விரிவாக்கிய பதிப்பு 1568இலும் வந்தது. ஐரோப்பியக் கலை வரலாறு என்ற துறைக்கே அதுதான் அடித்தளம். முழுவதும் வேண்டாம். ஜோத்தோ, ப்ரூனெல்லெஸ்கி, லியொனார்தோ, மைக்கேலாஞ்சலோ, இந்த நான்கு வாழ்க்கைகள் போதும்.

வசாரியை எப்படிப் படிப்பது என்பதற்கு இரண்டு உதாரணம் சொல்கிறேன். எண்ணெய் வண்ண ரகசியத்துக்காகப் பொறாமைப்பட்டு, அந்த்ரேயா தெல் கஸ்தாஞ்ஞோ தன் சக ஓவியர் தொமேனிகோ வெனெத்சியானோவைக் கொன்றார் என்று எழுதியிருக்கிறார். படிக்க நடுங்கும். ஆனால் கஸ்தாஞ்ஞோ 1457இல் கொள்ளைநோயில் இறந்தார், வெனெத்சியானோ 1461 வரை உயிரோடு இருந்தார். இறந்து நான்கு வருடம் ஆனவர் எப்படிக் கொல்ல முடியும்? ஒரு நல்ல ஓவியருக்கு நூற்றாண்டுக்கணக்கில் கொலைகாரன் பட்டம் சுமத்தியாகிவிட்டது.

இரண்டாவது உதாரணம் அப்படியே எதிர்ப்பக்கம். மைக்கேலாஞ்சலோ தன்னைப் பற்றி வசாரி எழுதியதில் திருப்தி இல்லாமல், கொந்திவி என்ற மாணவர் வழியாக 1553இல் இன்னொரு வாழ்க்கை வரலாறு வரச் செய்தார். அதில் கிர்லாந்தாயோ தனக்கு எந்த உதவியும் செய்யவில்லை என்ற தொனி இருக்கும். வசாரி விடவில்லை. கிர்லாந்தாயோ குடும்பத்தில் இருந்த பழைய கணக்குப் பதிவைத் தேடி எடுத்து, 1568 பதிப்பில் அச்சடித்தார். 1488 ஏப்ரல் முதல் தேதி, மைக்கேலாஞ்சலோவை அவருடைய அப்பா மூன்று வருடத்துக்குக் கிர்லாந்தாயோவிடம் தொழில் கற்க விடுகிறார். சம்பளம் முதல் வருடம் ஆறு ஃபுளோரின், அடுத்த வருடம் எட்டு, மூன்றாம் வருடம் பத்து. ஆவணத்தை எடுத்து வைத்து வாதாடும் வரலாற்றாசிரியர் இங்கே தெரிகிறார். அந்த எண்களைக் குழந்தைகள் இல்லத்து ஒப்பந்தத்தோடு சேர்த்துப் பாருங்கள். ஃபுளோரினில் வகைகள் உண்டு, ஆனாலும் தோராயமாக, பதின்மூன்று வயது மைக்கேலாஞ்சலோவின் ஒரு வருடச் சம்பளத்தில் ஒன்றரை அவுன்ஸ் நல்ல நீலம் வாங்கலாம்.

இப்போது பொதுவான கலை வரலாறு. கோம்ப்ரிச்சின் 'தி ஸ்டோரி ஆஃப் ஆர்ட்', 1950. எல்லோரும் சொல்லும் புத்தகம்தான், நானும் அதையேதான் சொல்கிறேன். காரணம், அவர் எந்த ஓவியரையும் புகழ்ந்து நிறுத்துவதில்லை. இவருக்கு முன்னால் என்ன சிக்கல் இருந்தது, இவர் அதை எப்படித் தீர்த்தார், தீர்த்ததால் எந்தப் புதுச் சிக்கல் வந்தது என்று கொண்டுபோவார். கையடக்கப் பதிப்பை வாங்காதீர்கள். அதில் படங்கள் பின்பாதியில் தனியாக இருக்கும், புரட்டியே களைத்துவிடுவீர்கள். பெரிய பதிப்பில் படமும் பேச்சும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒரு பெரிய குறை உண்டு. முதலில் வந்த பதிப்பில் பெண் ஓவியர் ஒருவர்கூட இல்லை. வசாரியே பொலோஞ்ஞாவின் பெண் சிற்பி ப்ரொபெர்ட்சியா தெ ரோஸிக்கு இடம் கொடுத்திருந்தார் என்பதை நினைத்தால் இது இன்னும் உறுத்தும். கேட்டி ஹெஸ்ஸலின் 'தி ஸ்டோரி ஆஃப் ஆர்ட் விதவுட் மென்' 2022இல் வந்தது. அதை ஈடாகச் சேர்த்துப் படியுங்கள். குறிப்பாக 17ஆம் நூற்றாண்டு இத்தாலிய ஓவியர் ஆர்த்தெமீசியா ஜென்திலெஸ்கியைத் தவறவிடாதீர்கள்.

ஆல்ப்ஸுக்கு வடக்கே என்ன நடந்தது என்று தெரிய ஹுய்ஸிங்காவின் மத்தியகால இலையுதிர்காலம் பற்றிய 1919ஆம் ஆண்டு நூல். 15ஆம் நூற்றாண்டு ஃபிளாண்டர்ஸ் ஓவியர்களான வான் ஐக் சகோதரர்களின் ஓவியத்தைப் புரிந்துகொள்ள வேண்டும் என்ற தேவையில்தான் அவர் அதைத் தொடங்கினார். டச்சு ஓவியத்துக்கு ஸ்வெத்லானா ஆல்பர்ஸின் 'தி ஆர்ட் ஆஃப் டிஸ்க்ரைபிங்'. இத்தாலியர் கதை சொல்ல வரைந்தார்கள், டச்சுக்காரர்கள் கண்டதை விவரிக்க வரைந்தார்கள் என்பது அவர் வாதம். இரண்டையும் இரண்டாம் வருடத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

அரசியல் வரலாற்றுக்குப் பலரும் சுவிஸ் வரலாற்றாசிரியர் புர்க்ஹார்ட்டை முதலில் கையில் கொடுப்பார்கள். 1860இல் வந்த மறுமலர்ச்சி இத்தாலியின் நாகரிகம் பற்றிய நூல். மகத்தான நூல், ஆனால் முதலில் படித்தால் பெயர்களின் மழையில் நனைந்துவிட்டு எழுந்து போய்விடுவீர்கள். அதோடு, அந்தக் காலப் பெண்கள் ஆண்களுக்கு முழுச் சமமாக இருந்தார்கள் என்று அவர் எழுதியதை, பெண்களுக்கு ஒரு மறுமலர்ச்சி இருந்ததா என்று கேட்டு ஜோன் கெல்லி 1977இல் ஒரு கட்டுரையில் உடைத்தார். மார்கரீத்தாவின் கடிதங்களைப் படித்துவிட்டு வந்தால் அந்த விவாதத்தில் நீங்களே ஒரு பக்கம் எடுக்க முடியும்.

முதலில், ஃபுளோரன்ஸைத் தன் பிடியில் வைத்திருந்த வங்கிக் குடும்பமான மெடிசியை ஒரு சம்பவத்தின் வழியாகப் பாருங்கள். லௌரோ மார்ட்டினஸின் 'ஏப்ரல் பிளட்' அதற்கென்றே எழுதியது போல இருக்கும். 1478 ஏப்ரல் 26, தேவாலயத்தில் பூசை நடக்கும்போது லொரென்ஸோ மெடிசியையும் தம்பி ஜூலியானோவையும் தாக்குகிறார்கள். தம்பி சாகிறார், அண்ணன் காயத்தோடு தப்புகிறார். அதற்குப் பின்னால் வந்த பழிவாங்கலில் ஓவியர்களும் இருக்கிறார்கள். தூக்கிலிடப்பட்டவர்களின் உருவங்களை அரசு மாளிகைப் பக்கச் சுவரில் வரைந்தவர் போத்திச்செல்லி. வசந்தத்தையும் வீனஸையும் வரைந்த அதே கை. கொன்றவர்களில் ஒருவரான பந்தீனி, கான்ஸ்டான்டினோபிள் வரை ஓடி, பிடிபட்டு, 1479 டிசம்பரில் தூக்கில் தொங்கினார். இளைஞர் லியொனார்தோ அந்தத் தொங்கும் உடலை வரைந்து, பக்கத்தில் பெயரையும் உடைகளின் விவரத்தையும் குறித்து வைத்தார்: தொப்பி, கறுப்பு சாட்டின் சட்டை, நரித்தோல் வைத்த நீலக் கோட்டு, கறுப்புக் காலுறை. உணர்ச்சியைக் காட்டும் ஒரு வார்த்தை கிடையாது.

அதற்கு அப்புறம் குயிச்சார்தீனியின் இத்தாலி வரலாறு. சுருக்கிய மொழிபெயர்ப்பு போதும். 1494இல் பிரெஞ்சு மன்னர் எட்டாம் சார்லஸ் படையோடு இறங்கியதும் மிலான், வெனிஸ், ஃபுளோரன்ஸ், போப் நாடு, நேப்பிள்ஸ் என்று ஐந்து பக்கமும் இழுத்துப் பிடித்திருந்த சமநிலை எப்படிச் சரிந்தது, 1527இல் ரோம் நகரம் எப்படிச் சூறையாடப்பட்டது என்பதை, அந்த அதிகாரத்துக்குள் இருந்த ஒருவரே எழுதியது. அதே காலத்து ஃபுளோரன்ஸ் அரசியல் சிந்தனையாளர் மாக்கியவெல்லியை இதன் கூடவே படித்தால்தான் அவர் பதற்றம் புரியும்.

நவீன இத்தாலிக்கு வருமுன் ஒரு சின்ன விலகல், நமக்குச் சொந்தமான ஊர் ஒன்று வழியில் இருக்கிறது. தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர், கொன்ஸ்தான்சோ பெஸ்கி, 1680இல் பிறந்தது காஸ்திலியோனே தெல்லே ஸ்திவியேரே என்ற ஊரில். மாந்துவாவை ஆண்ட கொன்சாகா குடும்பத்தின் ஒரு கிளை ஆண்ட ஊர் அது. 1859 ஜூன் 24 அன்று பக்கத்தில் சொல்ஃபெரீனோவில் நடந்த பெரும் போரில் காயப்பட்டவர்களை ஆயிரக்கணக்கில் இந்த ஊருக்குத்தான் கொண்டுவந்தார்கள். தேவாலயத் தரையில் கிடந்தவர்களுக்கு ஊர்ப் பெண்களோடு சேர்ந்து தண்ணீர் கொடுத்த ஹென்றி துனான், அந்த அனுபவத்தை 1862இல் ஒரு சின்னப் புத்தகமாக எழுதினார். செஞ்சிலுவைச் சங்கம் பிறந்தது அதிலிருந்து. இத்தாலி ஒரே நாடான கதையை அந்தப் புத்தகத்தோடு தொடங்குங்கள், ஒரு மாலையில் முடிந்துவிடும். பிறகு கிறிஸ்டோபர் டக்கனின் 'தி ஃபோர்ஸ் ஆஃப் டெஸ்டினி'. தடிமன், ஆனால் நன்றாக ஓடும்.

இருபதாம் நூற்றாண்டுக்கு கார்லோ லெவியின் 'கிறைஸ்ட் ஸ்டாப்ட் அட் எபோலி' ஒன்றைத்தான் சொல்வேன். ஓவியர், மருத்துவம் படித்தவர், முசோலினி ஆட்சி அவரைத் தண்டனையாகத் தெற்கே ஒரு மலைக்கிராமத்துக்கு அனுப்பி வைத்தது. அங்கே மலேரியாவிலும் வறுமையிலும் கிடந்த விவசாயிகளை ஓர் ஓவியரின் கண்ணால் பார்த்து எழுதினார். ஃபுளோரன்ஸ் மட்டுமே இத்தாலி என்று நமக்குள் ஊறிப்போன எண்ணத்தை அது கலைத்துவிடும்.

இத்தாலிய மொழி? இப்போதைக்குத் தேவையில்லை. வசாரி, புர்க்ஹார்ட் இரண்டின் பழைய ஆங்கில மொழிபெயர்ப்புகளும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 16ஆம் நூற்றாண்டுச் சிற்பி செல்லினியின் சுயசரிதையும் அப்படியே. பெர்சியஸ் சிலையை வார்க்கும்போது உருகிய உலோகம் வேகமாக ஓடாமல் போக, வீட்டில் இருந்த வெள்ளீயத் தட்டுகளை, ஏறக்குறைய இருநூறு, அள்ளி உலையில் போட்ட கதையை அவர் வாயாலேயே கேட்கலாம். காசு கொடுத்து வாங்க வேண்டியவை ஒரிகோ, பக்ஸண்டால், கோம்ப்ரிச் மூன்றும்தான். அதிலும் கையில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் ஒரிகோவை வாங்குங்கள். அந்தம்மா அதற்குப் பத்து வருடம் முன்னால் வெளியிட்ட போர்க்கால நாட்குறிப்பும் இருக்கிறது, 'வார் இன் வால் தோர்ச்சா'. 1944 கோடையில், குண்டுவீச்சுக்குப் பயந்து தன் பண்ணைக்கு அனுப்பப்பட்டிருந்த குழந்தைகளை அவர் நடத்தியே மொன்தெபுல்ச்சியானோ ஊர் வரை கூட்டிப் போகிறார். தத்தீனி குழந்தைகளுக்கு எழுதி வைத்த அந்த 1,000 ஃபுளோரினைப் பற்றி எழுதிய கை அது என்று தெரிந்துகொண்டு படியுங்கள்.